மஞ்சள் அட்டையின் வரலாறு

வெளிநாட்டுப் பயணம் என்றால் பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு ஆகிய மூன்றும் இருந்தால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கின்றோம். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோரைப் பொறுத்தவரை அது ஓரளவு சரியே. ஆனால் நைஜீரியா, கானா, கென்யா, உகாண்டா, காங்கோ, அங்கோலா போன்ற ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்கும் வணிகத்திற்கும் செல்வோர் நான்காவதாக ஒன்றையும் கையில் வைத்திருக்க வேண்டும். அதுதான் மஞ்சள் காய்ச்சலுக்கு எதிரான தடுப்பூசி போட்டுக்கொண்டதற்குச் சான்றாகிய சிறு மஞ்சள் அட்டை.

இந்த ஊசியைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் உலவுகின்றன. மஞ்சள் காய்ச்சல் என்பது மஞ்சள் காமாலையே என்பது ஒன்று. இது தவறு. காமாலை என்பது ஈரல் பாதிக்கப்பட்டதன் அடையாளம். அது பல காரணங்களால் வரும். மஞ்சள் காய்ச்சல் என்பது கொசுவினால் பரவும் தனியொரு வைரஸ் நோய். அது முற்றும்போது ஈரல் கெட்டுக் கண்ணும் உடலும் மஞ்சளிப்பதால் அப்பெயர் பெற்றது. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் சில நாட்களில் தேறிவிடுவர். நோய் இரண்டாம் கட்டத்திற்குச் சென்றவர்களிலோ ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் இறந்துவிடுகின்றனர். இந்நோயைக் குணமாக்கும் மருந்து எதுவும் இல்லை.

இரண்டாவது கருத்து, "நம் நாட்டில்தான் அந்த நோயே கிடையாதே, நமக்கு எதற்கு இந்த ஊசி?" என்பது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது என்பது முற்றிலும் உண்மை. ஆனால் அந்த உண்மையே இந்த ஊசிக்குக் காரணம் என்பதை எடுத்துரைப்பதற்காகத்தான் இக்கட்டுரையை எழுத முற்படுகின்றோம். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

கடல் கடக்கும் முன் ஊசி என்பது நம் பகுதிக்குப் புதிதன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புக்காகக் கொழும்புக்கும் கண்டிக்கும் சென்றவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் கப்பலேறவிருந்த தோட்டத் தொழிலாளர்கள் மணியாச்சி - தூத்துக்குடி இருப்புப்பாதையிலுள்ள தட்டப்பாறையில் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டனர். 1914 ஆம் ஆண்டு தனுஷ்கோடி - தலைமன்னார் வழியாக ரயிலும் கப்பலும் இணைந்த போக்குவரத்து தொடங்கியபின், மண்டபம் முகாம் அந்த இடத்தைப் பிடித்தது. நம் பெரியவர்கள் பேச்சில் 'மண்டபம் கேம்ப்' என்று வருமே, அதுதான். இந்திய மண்ணில் அமைந்திருந்தும் அதனை நடத்தியது இலங்கை அரசாங்கம். தோட்டங்களுக்குச் செல்வோர் அங்கே சில நாட்கள் தங்கவைக்கப்பட்டு, காலரா, பிளேக், பெரியம்மை உண்டா என்று கவனிக்கப்பட்டனர். உடைகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. அம்மை குத்தப்பட்டது. கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுக்கப்பட்டது. அந்த நாட்களில் நோய் நம் பக்கம் இருந்தது. அஞ்சியவர்கள் அக்கரையில் இருந்தவர்கள். இந்த ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பாதையும் முடிந்தது. மண்டபம் முகாம் மட்டும் பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த அகதிகளின் இருப்பிடமாக மாறியது.

கமரான் தீவு

இதைவிட நீண்ட வரலாறு ஹஜ் பயணத்திற்கு உண்டு.

1865 ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பரவி, சுமார் 90,000 ஹாஜிகளில் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடப்பட்டுள்ளது. அங்கிருந்து சூயஸ், அலெக்சாண்டிரியா வழியாக அந்நோய் ஐரோப்பா வரை சென்றது. அதுவரை மெத்தனமாயிருந்த ஐரோப்பிய அரசுகள் விழித்துக்கொண்டன. மறு ஆண்டே, 1866 இல், கான்ஸ்டாண்டினோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. காலரா இந்தியாவிலிருந்தே புறப்படுகிறது என்று அம்மாநாடு முடிவு செய்தது. இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷாரோ, கப்பல்களை நிறுத்தினால் வணிகம் கெடும் என்ற கவலையில் நெடுங்காலம் அதனை மறுத்துக்கொண்டே இருந்தனர். மக்களின் உயிரைவிடச் சரக்கின் மீதே அவர்களுக்கு அக்கறை இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இதன் விளைவாக 1882 இல் துருக்கி உஸ்மானிய அரசு செங்கடலின் தென்பகுதியில், யமன் கரையோரமாக உள்ள கமரான் என்னும் தீவில் ஒரு தடைமுகாமை ஏற்படுத்தியது. தெற்கிலிருந்து பாபுல் மந்தப் நீரிணை வழியாக வரும் ஹஜ் கப்பல்கள் யாவும், இந்தியாவிலிருந்து வந்தாலும் ஜாவாவிலிருந்து வந்தாலும், கமரானில் நிற்க வேண்டும். ஹாஜிகள் படகுகளில் இறக்கப்படுவர். துணிமணிகள் நீராவி எந்திரத்தில் இடப்படும். கப்பலில் காலரா கண்டிருந்தால் பத்து நாள், அதற்கு மேலும் அந்த வெயிலில் தங்க வேண்டும். அதற்குக் கட்டணமும் செலுத்தியாக வேண்டும். பம்பாய்வரை ரயிலில் சென்று, அங்கே கப்பலுக்காகக் காத்துக் கிடந்து, பல நாள் கடலில் கழித்து, இனி ஜித்தாதான் என்று எண்ணியிருக்கும் வேளையில் கமரான் குறுக்கிடும். ஹாஜிகள் அதனை வெறுத்ததில் வியப்பில்லை. நீராவியில் நல்ல உடைகள் பாழாவதும், கட்டணமும், அதிகாரிகள் நடத்தும் விதமும் அக்காலத்தில் தொடர்ந்து முறையீடுகளுக்கு உள்ளாயின.

அந்த முறையீடுகளில் நியாயம் இருந்தது. ஆனால் தடைமுகாமே தேவையற்றது என்று கூறிவிட இயலாது. தொற்றுநோய் உள்ள ஊருக்குள் நுழையாமலும், அங்கிருப்பவர் அவ்வூரைவிட்டு வெளியேறாமலும் இருக்கும் நெறி நமக்கு அந்நியமானதன்று. ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டளவில் ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, அங்கே சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சர்க் என்னுமிடத்தில் ஆலோசனை செய்து, மதீனாவுக்கே திரும்பிய செய்தியை நாம் அனைவரும் அறிவோம். அப்போது அது பற்றிய நபிமொழியை அறிவித்தவர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள். கமரானின் குறை, அதன் நோக்கத்தில் இல்லை. அங்கே மனிதர்களை நடத்திய முறையில்தான் இருந்தது.

1896 இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியது. அதனால் 1897 இல் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணமே தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி மாதம், பம்பாயில் பணியாற்றிய ஹாஃப்கின் என்னும் அறிஞர் தாம் கண்டுபிடித்த பிளேக் தடுப்பு மருந்தைத் தம் உடலிலேயே முதலில் செலுத்திச் சோதித்துக்கொண்டார். காலராவுக்கு எதிராகவும் அவர் முன்னரே ஊசி கண்டிருந்தார். பயணியை வழியில் நிறுத்திவைப்பதற்குப் பதிலாக, புறப்படும் முன்பே ஊசி போட்டு அனுப்பிவிடலாம் என்ற வழி இவ்வாறு திறந்தது. படிப்படியாக, பம்பாயில் கப்பலேறும் ஹாஜிகளிடம் அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்ட சான்று கேட்கப்படலாயிற்று. முதல் உலகப்போரில், 1915 இல், கமரானைப் பிரிட்டிஷார் கைப்பற்றினர். பிறகு இந்திய அரசும் டச்சு கிழக்கிந்திய அரசும் சேர்ந்து அதன் நிர்வாகத்தில் பங்கேற்றன. 1950களில் அம்முகாம் மூடப்பட்டு, ஜித்தாவில் சவூதி அரசு தனது சொந்தத் தடைமுகாமை நிறுவியதும், ஹாஜிகளின் சுகாதாரப் பொறுப்பு முழுவதும் சவூதி அரசின் கைக்கு வந்தது. ஹஜ் கப்பலே 1995 ஆம் ஆண்டுடன் நின்றுபோனதை இளைய தலைமுறையினர் பலர் அறியமாட்டார்கள்.

கப்பல் நின்றாலும் ஊசி நிற்கவில்லை. 1987 ஹஜ்ஜில் மூளைக்காய்ச்சல் பரவியபின் அதற்கான ஊசி கட்டாயமாயிற்று. 2000, 2001 ஆகிய ஆண்டுகளில் அதே நோய் வேறொரு வகைக் கிருமியால் வரவே, 2002 முதல் நான்கு வகைக் கிருமிகளுக்கும் சேர்த்த ஊசி கேட்கப்படுகிறது. நம் ஊர் ஹாஜிகள் புறப்படும் முன் போட்டுக்கொள்வது இதனையே.

அட்டையில் எஞ்சிய ஒரே நோய்

ஒரு காலத்தில் பன்னாட்டுத் தடுப்பூசி அட்டையில் பெரியம்மை, காலரா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய மூன்றிற்கும் பக்கங்கள் இருந்தன. சென்னை கிண்டியில் 1899 இல் நிறுவப்பட்ட கிங் நிலையம்தான் சென்னை மாகாணம் முழுமைக்கும் அம்மைப்பால் தயாரித்து அனுப்பியது. மாகாணச் சுகாதார ஆணையராயிருந்த கிங் என்பவரின் பெயரையே அது தாங்கியுள்ளது. காலரா ஊசிச் சான்று பயனற்றது என்று 1973 இல் உலக சுகாதார நிறுவனம் கைவிட்டது. பெரியம்மை 1977 இல் சோமாலியாவில் கண்ட கடைசி நோயாளியோடு இயற்கையில் முடிவுற்று, 1980 இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல் பக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. அட்டையின் நிறமும் நோயின் பெயரும் ஒத்துப்போனது தற்செயலே.

அந்நோயின் பிறப்பிடம் ஆப்பிரிக்கா. அடிமை வணிகக் கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் கொசுவும், அடைத்து ஏற்றப்பட்ட மனிதர்களின் இரத்தத்தில் கிருமியும் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்காவை அடைந்தன. 1793 இல் அன்றைய அமெரிக்கத் தலைநகரான பிலடெல்பியாவில் மட்டும் சுமார் 5,000 பேர் இறந்தனர். ஹைத்தி தீவில் விடுதலை கேட்டெழுந்த கறுப்பின மக்களை மீண்டும் அடிமைகளாக்க நெப்போலியன் அனுப்பிய படையை 1802 இல் பெருமளவு அழித்தது இந்நோயே. அப்படையின் தளபதியான லெகிளெர்க்கும் இதற்குப் பலியானார். பிரெஞ்சுக்காரர்கள் 1881 இல் தொடங்கிய பனாமா கால்வாய்ப் பணியும் இந்நோயாலும் மலேரியாவாலும் நிலைகுலைந்தது.

கியூபா நாட்டு மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881 இல், கொசுவே இந்நோயைப் பரப்புகிறது என்று கூறியபோது எவரும் செவிசாய்க்கவில்லை. 1900 இல் வால்டர் ரீட் தலைமையிலான அமெரிக்க இராணுவ மருத்துவக் குழு அதனை மெய்ப்பித்தது. அக்குழுவைச் சேர்ந்த லசியர் என்பவர் அந்த ஆய்விலேயே நோய் கண்டு உயிர் துறந்தார். பிறகும் பலி நிற்கவில்லை. 1927 இல் லாகோஸில் ஸ்டோக்ஸ், 1928 இல் அக்ராவில் ஜப்பானியரான நொகுச்சி என்று ஆய்வாளர்கள் அடுத்தடுத்து மாண்டனர். 1927 இல் மேற்கு ஆப்பிரிக்காவில் அசிபி என்னும் ஒருவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட கிருமியை, கோழிக்கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து, 1937 இல் மாக்ஸ் தெய்லர் தடுப்பு மருந்தாக்கினார். 1951 இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்று நாம் போட்டுக்கொள்வதும் அதே 17டி மருந்தே. அசிபி பிழைத்துக்கொண்டார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். உலகில் கோடிக்கணக்கானவர்களின் கைகளில் ஏறியிருப்பது அந்த ஆப்பிரிக்கரின் உடலிலிருந்து வந்த கிருமியின் வழித்தோன்றலே.

இந்தியாவின் கவலை இந்த மருந்தைவிடப் பழையது. பனாமா கால்வாய் 1914 இல் திறக்கப்படவிருந்த நிலையில், கப்பல்கள் நேர்வழியில் ஆசியாவுக்கு வந்தால் நோயும் உடன் வந்துவிடுமே என்ற அச்சம் எழுந்தது. இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஸ். பி. ஜேம்ஸ் என்னும் அதிகாரி இதனை நேரில் ஆராய்ந்து, மஞ்சள் காய்ச்சலிடமிருந்து இந்தியாவைக் காப்பது பற்றி 1913 இல் எழுதினார். விமானப் போக்குவரத்து தொடங்கியதும் அச்சம் பன்மடங்காயிற்று. கப்பலில் வருபவர் கடலிலேயே நோய் கண்டு தெரிந்துவிடும். விமானத்தில் வருபவரோ காய்ச்சல் தோன்றும் முன்பே வீடு வந்து சேர்ந்துவிடுவார். ஆகவேதான் சுதந்திர இந்தியாவும் 1954 இல் விமானப் பயணிகளுக்கும் 1955 இல் துறைமுகங்களுக்கும் கடுமையான சுகாதார விதிகளை வகுத்தது. இவ்விஷயத்தில் உலகிலேயே மிகக் கண்டிப்பான நாடுகளுள் ஒன்று நம் நாடு.

நம் வீட்டுத் தொட்டியில்

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்கு விடை தாமிரபரணிக் கரையிலேயே இருக்கிறது. மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் எகிப்தி என்னும் பகலில் கடிக்கும் கொசு. டெங்குவைப் பரப்புவதும் அதே கொசுதான். 2012 ஆம் ஆண்டு அன்றைய நெல்லை மாவட்டத்தில் டெங்கு பரவியதை நாம் மறந்திருக்க முடியாது. குறிப்பாக, இன்று தென்காசி மாவட்டத்தில் உள்ள கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு காய்ச்சலும், அடுத்தடுத்து ஜனாஸாக்களுமாக அந்தக் கோடை கழிந்தது. குடிநீர் சில நாட்களுக்கு ஒருமுறையே வரும் ஊர்களில் தொட்டியிலும் அண்டாவிலும் குடத்திலும் நீரைச் சேமிப்பது தவிர்க்க இயலாதது. ஏடிஸ் முட்டையிடுவதும் அந்தத் தெளிந்த நீரில்தான். போதாக்குறைக்குக் கொல்லையில் கிடக்கும் சிரட்டையும் பழைய டயரும் இருக்கவே இருக்கின்றன.

அதாவது, கொசு நம்மிடம் தயாராக இருக்கிறது. எவருக்கும் எதிர்ப்புச் சக்தி கிடையாது. கிருமி ஒன்றுதான் இன்னும் வந்து சேரவில்லை. அக்கிருமியைக் கொண்டுவரக்கூடியவர் வேறெவருமல்லர். ஊசி போடாமல் ஆப்பிரிக்கா சென்று, கடிபட்டு, மூன்று முதல் ஆறு நாட்கள் வரை நலமாகவே இருந்து, அந்த நாட்களுக்குள் விமானமேறி, குடும்பத்தாரைக் காண ஆவலோடு வந்திறங்கும் நம் பிள்ளைதான் அவர். மண்டபத்தில் இலங்கை அரசு நம்மைப் பார்த்து அஞ்சியதைப் போல, இன்று நம் அரசு நமக்காகவே அஞ்ச வேண்டியுள்ளது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2015 டிசம்பரில் அங்கோலா நாட்டின் தலைநகரான லுவாண்டாவில் மஞ்சள் காய்ச்சல் பரவியது. அங்கே வேலை செய்துவந்த சீனத் தொழிலாளர்களில் 11 பேர் 2016 இல் அந்நோயுடன் தாயகம் திரும்பினர். ஆசியக் கண்டத்தில் மஞ்சள் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது வரலாற்றில் அதுவே முதன்முறை. அவர்கள் வந்து சேர்ந்த பகுதிகளில் அப்போது கொசு அதிகமில்லாததால் நோய் பரவாமல் நின்றது. நம் ஊருக்குத் தென்மேற்குப் பருவத்திலோ ஐப்பசி மழையிலோ ஒருவர் அப்படி வந்திருந்தால் நிலைமை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் நடுங்குகிறது. அந்த ஆண்டில் மருந்துக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, காங்கோவின் கின்ஷாசா நகரில் ஒரு வேளை மருந்தை ஐந்தாகப் பகிர்ந்து போட வேண்டியதாயிற்று. ஊசி போடாமலேயே போட்டதாகக் காட்டும் போலிச் சான்றுகள் அங்கோலாவில் புழங்கியதும் அப்போது வெளிவந்தது.

போலிச் சான்று என்பது நம் பக்கத்திலும் கேள்விப்படாத ஒன்றன்று. ஊசி போடும் மையங்கள் மிகச் சில. மருந்துக் குப்பியை ஒருமுறை கலந்துவிட்டால் சில மணி நேரத்திற்குள் பயன்படுத்தித் தீர்க்க வேண்டும் என்பதால் குறிப்பிட்ட நாட்களில், முன்பதிவு செய்தவர்களுக்கே போடுவார்கள். விசா திடீரென்று வரும்; டிக்கெட் நான்கு நாளில் இருக்கும். அப்போது, "முத்திரை மட்டும் வாங்கித் தருகிறேன்" என்று யாரோ ஒருவர் முன்வருகிறார். முத்திரை அதிகாரியை ஏமாற்றும், கொசுவை ஏமாற்றாது.

சான்று, ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பின்னரே செல்லுபடியாகும். உடலில் எதிர்ப்புச் சக்தி உருவாக அவ்வளவு நாள் ஆகிறது. நோயுள்ள நாட்டிலிருந்து செல்லுபடியாகும் சான்றின்றி இந்தியா வந்திறங்குவோரை, அந்நாட்டை விட்டுப் புறப்பட்டதிலிருந்து 6 நாட்கள் நிறைவடையும்வரை தனிமையில் வைக்க விதி இடமளிக்கிறது. பெற்றோரின் மௌத்துச் செய்தி கேட்டு ஓடிவருபவருக்கும் இவ்விதி பொருந்தும் என்பதால், முன்கூட்டியே ஊசி போட்டுக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து ஊருக்கு வராமல் நேரே உம்ராவுக்குச் செல்ல விரும்புவோரிடம் சவூதி அரேபியாவும் இதே சான்றைக் கேட்கிறது.

நமக்கு அண்மையில் தூத்துக்குடித் துறைமுக சுகாதார நிறுவனத்திலும், சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் இந்த ஊசி போடப்படுகிறது. ஒரு காலத்தில் அம்மைப்பால் அனுப்பிய அதே கிங் நிலையம்தான் இது. செல்லும்போது பாஸ்போர்ட்டைக் கொண்டுசெல்ல வேண்டும். உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் மருந்தாதலால், 9 மாதம் நிறைவடையாத குழந்தைகள், கர்ப்பிணிகள், கோழி முட்டை கடுமையாக ஒவ்வாதவர்கள், புற்றுநோய் போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுவோர், 60 வயதைக் கடந்தவர்கள் ஆகியோர் மருத்துவரிடம் தம் நிலையை மறைக்காமல் கூறிய பிறகே முடிவு செய்ய வேண்டும்.

முன்பு இந்தச் சான்று 10 ஆண்டுகளுக்கே செல்லும் என்றிருந்தது. 2016 ஜூலை 11 முதல் ஒரே ஊசி ஆயுள் முழுமைக்கும் போதுமானது என்று பன்னாட்டு விதி திருத்தப்பட்டுள்ளது. அதற்கு முன் போட்டவர்களுக்கும் இது பொருந்தும். ஆகவே, முன்னர் ஆப்பிரிக்காவில் பணிபுரிந்து திரும்பியவர்கள், காலாவதித் தேதி முடிந்துவிட்டதென்று பழைய மஞ்சள் அட்டையை எறிந்துவிடாமல் பாஸ்போர்ட்டுடன் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளவும்.